மண்ணிலிருந்து எழுந்த தொட்டி

செய்தித்தாளைப் பிரித்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் தேடுவது அரசியலையும் விலைவாசியையும்தான். பக்கத்தின் மூலையில் நான்கைந்து வரிகளில் அடங்கிக் கிடக்கும் சிறு செய்திகளை, "இது என்ன விந்தை!" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆயினும் அத்தகைய சிறு செய்தியினுள் பெரியதோர் இயற்கை விதி ஒளிந்திருப்பதுண்டு. சில வேளைகளில் ஓர் உயிரைக் காக்கும் எச்சரிக்கையும் அதனுள் அடங்கியிருக்கும். நம் திருப்பதியில் நிகழ்ந்த அப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைப் பற்றியே சங்கத்து அன்பர்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மழையை இவ்வட்டாரத்தில் வாழும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அம்மாதம் 19-ஆம் நாள் விடியலில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. அதன் விளைவாகத் திருமலையில் அருவிகள் பாதைகளின் மீதே பாய்ந்தன. திருப்பதி வீதிகள் ஆறுகளாயின. இராயலசெருவு ஏரியின் கரை உடையுமோ என்று அஞ்சி, அதை அடுத்த சிற்றூர்களில் இருந்தோரை அதிகாரிகள் வெளியேற்றினார்கள்.

மழை சற்று ஓய்ந்த பின்னர், அதே மாதத்தின் பிற்பகுதியில், திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டின் நிலத்தடித் தொட்டியை அவ்வீட்டுப் பெண்மணி ஒருவர் உள்ளே இறங்கித் துப்புரவு செய்துகொண்டிருந்தார். சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய, சுமார் 25 அடி ஆழமுள்ள தொட்டி அது. திடீரென்று அத்தொட்டி பூமிக்குள்ளிருந்து மேல் நோக்கி எழத் தொடங்கியது. பல அடி உயரத்துக்கு ஒரு கோபுரம் போல் எழுந்து அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெண்மணி உயிர் தப்பி வெளியே வந்தது பெரும் பாக்கியமே.

அதைக் காண ஊரே திரண்டது. எங்கள் ரயில் நிலையத்திலும் சில நாட்கள் வரை வேறு பேச்சே இல்லை. "எல்லாம் ஏழுமலையான் திருவிளையாடல்" என்றார் ஒருவர். "நிலநடுக்கம் வரப்போவதற்கு அறிகுறி" என்று அஞ்சினார் மற்றொருவர். பின்னர் அவ்விடத்தைப் பார்வையிட்ட வல்லுநர்கள் கூறிய காரணமோ மிக எளியது. தண்ணீரின் மேல்நோக்கிய உந்துதலே அத்தொட்டியைத் தூக்கியது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்து மறந்துபோன ஆர்க்கிமிடீஸின் விதிதான் அது. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த அந்தக் கிரேக்கப் பேரறிஞர் கண்ட உண்மை, திருப்பதியில் ஒரு வீட்டு முற்றத்தில் கண்கூடாகத் தெரிந்தது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆயினும் மூட்டைகளின் எடையை ஏட்டில் எழுதி எழுதிப் பழகியவனாதலால், எந்த விஷயத்தையும் கிலோக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் என் மனம் அமைதி பெறும். வாசகர்களும் என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மீட்டர் விட்டமும், 5 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரும், ஏழரை மீட்டர் ஆழமும், அடியில் கெட்டியான தளமும் உடைய ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சிமெண்டுக் கட்டு மட்டும் ஏறத்தாழ 2,800 கிலோ எடை இருக்கும். அது நிரம்பத் தண்ணீர் பிடித்தால் மேலும் 4,700 கிலோ சேரும். ஆக மொத்தம் 7,500 கிலோ. இது ஒரு பக்கம். மறு பக்கம், பெருமழையால் தொட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் தரைமட்டம் வரையில் நீர் ஊறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தொட்டி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான உந்துதல், அதாவது சுமார் 5,900 கிலோ, கீழிருந்து மேலே தள்ளும். தொட்டி நிரம்பியிருக்கும் வரை எடையே வெல்லும், தொட்டி அசையாது. உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டாலோ, கீழே அழுத்த 2,800 கிலோதான் மிஞ்சும். மேலே தள்ளுவது அதைப்போல் இரண்டு மடங்கு! சுற்றியுள்ள மண்ணின் பிடிப்புத்தான் அப்போது தடுக்க வேண்டும். சேறாகிவிட்ட மண்ணுக்கு அந்தப் பிடிப்பும் தளர்ந்துவிடுகிறது. பிறகு தொட்டி, தொட்டியாக இல்லை. மண்ணில் மிதக்கும் தோணியாகிவிடுகிறது. இதே கணக்கின்படி அது ஏறத்தாழ 13 அடி உயரம் வெளியே தெரிய மிதக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொட்டி முழுவதும் காலியாக வேண்டும் என்பதுகூட இல்லை. மேற்சொன்ன கணக்கில், உள்ளிருக்கும் நீர் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே குறைந்தவுடனேயே உந்துதலின் கை ஓங்கிவிடுகிறது.

"சிமெண்டு மிதக்குமா?" என்று சிலர் ஐயுறலாம். பிரான்ஸ் நாட்டு லாம்போ என்பவர் 1848-ஆம் ஆண்டிலேயே இரும்புக் கம்பி வலையில் சிமெண்டைப் பூசிப் படகு கட்டி மிதக்கவிட்டார். எதனால் செய்தது என்பதைக் காட்டிலும், எவ்வளவு நீரை விலக்குகிறது என்பதே முக்கியம். பெட்ரோல் நிலையங்களில் பூமிக்குள் புதைக்கும் தொட்டிகளைக் கனத்த சிமெண்டுத் தளத்தோடு பட்டைகளால் பிணைத்து வைப்பதும் இக்காரணம் பற்றியே. எண்ணெய் தீர்ந்த வேளையில் மழைநீர் அவற்றைத் தூக்கிவிடக் கூடாதல்லவா?

அப்படியானால் நம் முன்னோர் இறக்கிய உறைகிணறுகள் ஏன் எழும்பவில்லை? கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டதை நாம் அறிவோம். அவையும் உறைமேல் உறை அடுக்கியவைதாம். ஆனால் கிணற்றுக்கு அடித்தளம் கிடையாது. வெளியே ஊறும் நீர் உள்ளேயும் ஊறி இருபுறமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தள்ளுவதற்கு அடியில் தளம் ஏது? கிணற்றுக்கும் தொட்டிக்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு சாண் தளத்தில் இருக்கிறது.

இவ்விஷயத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே மழையில் சித்தூரில் நான் குடியிருக்கும் வீட்டின் தொட்டியிலும் தெருச் சாக்கடை நீர் புகுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் மோட்டார் வைத்து உடனே இறைத்து, ஓர் ஆளை உள்ளே இறக்கிக் கழுவ ஏற்பாடு செய்துவிட்டார். நான் சென்று, "அம்மா, பத்து நாள் பொறுத்துச் செய்யலாமே" என்றேன். "நாற்றம் எடுக்கிறதே நாயனா, பத்து நாள் எப்படிப் பொறுப்பது?" என்றார் அவர். ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வெறும் செம்பு ஒன்றை அவர் கையாலேயே அதில் நேராக அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். கையை எதிர்த்துச் செம்பு மேலே வந்தது. மறுபடியும் அமுக்கினார்; மறுபடியும் வந்தது. "ஆளை இறக்கியிருந்தால் அவன் கதி என்ன?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்ட பிறகு நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தெருக் கோடியிலுள்ள திறந்த கிணற்றில் நீர்மட்டம் நன்றாகக் கீழிறங்கும் வரை குழாய்த் தண்ணீரைக் குடங்களில் பிடித்துச் சமாளித்தோம். அதன் பின்னரே தொட்டியை இறைத்தோம்.

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடி வந்த நம் குடும்பங்களில் பலர், ஊருக்கு வெளியே புதிய மனைகளை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் முதலில் எழும்புவது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியே. ஆகவே அவர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி வைக்கிறேன். பெருமழைக் காலத்தில் நிலத்தடித் தொட்டியை நிரப்பியே வையுங்கள். அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டம் தொட்டியின் அடிக்குக் கீழே இறங்காத வரையில் அதை இறைக்க வேண்டாம். எவரையும் உள்ளே இறக்கவும் வேண்டாம். புதிதாகக் கட்டுவோர், அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சிறிது நீட்டிக் கட்டும்படி பொறியாளரிடம் கேளுங்கள். அந்த விளிம்பின் மேல் அமரும் மண்ணின் பாரம் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இறைவனிடம் பக்தி செலுத்துவதற்கு இயற்கையின் விதிகளை அறிந்துகொள்வது எவ்வகையிலும் தடையாகாது. அந்தப் பெண்மணி பிழைத்ததை இறையருள் என்போரோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் அடுத்த மழையில் மற்றொருவர் அத்தகைய தொட்டிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.