வாளும் பச்சைக் கோடும்

விளையாட்டைப் பற்றியா கட்டுரை என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்! பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு போராடிவிட்டு, இரவில் விடுதி அறையில் வாளேந்திப் போராடுகிறவன் நான். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' என்னும் வீடியோ கேமே என் போர்க்களம்.

அதன் சிறப்பு யாது? ஓங்கிய வாளைப் பாதியில் நிறுத்த முடியாது. வீசினாலும், உருண்டு விலகினாலும், கேடயத்தில் அடி தாங்கினாலும் திரையிலுள்ள பச்சைக் கோடு சுருங்கும். கோடு தீர்ந்தால் நம் கை ஓயும், எதிரி ஓயான். ஆகவே பொத்தானை விரைந்து அழுத்துகிறவன் அல்லன், எதிரியின் அசைவைப் படித்துக் காத்திருப்பவனே வெல்கிறான். மடிந்தால், ஈட்டிய 'ஆன்மா'ச் செல்வம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், சென்று மீட்கலாம். வழியில் மீண்டும் மடிந்தாலோ, போனது போனதுதான். கடுமையான கணக்கு, ஆனால் நேர்மையான கணக்கு.

குறையும் உண்டு. காப்ரா டெமன் என்னும் அரக்கனையும் அவனுடைய இரண்டு நாய்களையும் ஒரு குறுகிய இடத்தில் எதிர்க்க வேண்டும். கேமரா சுவரில் முட்டிக்கொள்ள, எதிரி கண்ணிலேயே படுவதில்லை. அங்கே நம்மை வீழ்த்துவது அரக்கனா, கேமராவா?

வீட்டை விட்டுத் தொலைதூரம் வந்து படிக்கும் நமக்குத் தோல்வி புதிதன்று. ஏன் தோற்றோம் என்று தெரிந்தால் மறுநாள் எழுந்து நிற்க மனம் வருகிறது. காரணம் தெரியாத தோல்விதான் மனத்தை முறிக்கிறது. கடுமை வேறு, கொடுமை வேறு. விளையாட்டை அமைப்போர் மட்டுமல்லர், வினாத்தாள் அமைப்போரும் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக!