நாலு குடம், நாலு ஓட்டை!

நான் பி.காம். இதை வெளியே சொல்லிக்கொள்ள மூணு வருஷத்துக்கு மேலாகவே கூச்சம். காரணம், 2022 ஐ.பி.எல்.

அந்த மார்ச்சில் சீட்டுப் பணம் நாற்பதாயிரம் கைக்கு வந்தது. ஜூனில் பெண்ணுக்கு எல்.கே.ஜி. ஃபீஸ் கட்ட ஒதுக்கிய பணம். 'ரெண்டு மாசம் சும்மாத்தானே கிடக்கப் போகிறது' என்று நினைத்தேன் பாருங்கள்... அங்கேதான் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஆபீஸ் நண்பன் நாலு கிரிக்கெட் பந்தய சைட்டுகளைக் காட்டினான். எல்லாம் விலாசம் தெரியாத வெளிநாட்டுச் சரக்கு. "ஒண்ணுலயே போடாதடா. நாலுல பிரிச்சுப் போடு. ஒருத்தன் கடையைச் சாத்தினாலும் மிச்சம் மூணு இருக்கும்ல?" என்றான். ஆகா, என்ன நிர்வாகம்!

தலா பத்தாயிரம் போட்டேன். எக்ஸெல்லில் நாலு ஷீட், கலர் கலராக. கூடவே, ஒரு மேட்சுக்கு மொத்த முதலில் 2 சதவிகிதத்துக்கு மேல் கட்டுவதில்லை என்று ஒரு விரதம். அதாவது எண்ணூறு ரூபாய்.

விரதத்தை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன். நாலு கணக்கிலும்! எந்த ஷீட்டைத் திறந்தாலும் எண்ணூறுதான் தெரியும். கூட்டினால் 3,200, அதாவது 8 சதவிகிதம் என்பது இந்த பி.காமுக்கு உறைக்கவில்லை.

கட்டியது சென்னை மேல். (வேறு யார் மேல் கட்டுவதாம்?) சென்னை முதல் நாலு மேட்சும் அவுட். கடைசியில் 14-ல் ஜெயித்தது நாலே நாலு. பத்து டீமில் ஒன்பதாவது இடம்.

நடுவில் இன்னொரு கூத்து. ஒரு சைட்டில் பணம் குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுத்து இதில் போடுவேன். 'ரூ.2,000 வரவு' என்று பேங்க் மெசேஜ் வரும். மனசு குளிர்ந்துவிடும்! இடப் பக்கப் பையிலிருந்து வலப் பக்கப் பைக்கு மாற்றுவது கான்ட்ரா என்ட்ரி, அது வருமானம் ஆகாது என்று காலேஜில் எனக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜூன் வந்தது. "என்னங்க, ஃபீஸ் கட்டணும்" என்றாள் மனைவி. விஷயத்தை மென்று முழுங்கிச் சொல்லிவிட்டு எக்ஸெல்லைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பால் கணக்கு நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தாள்.

"முதல்ல எவ்ளோ இருந்துச்சு?"

"நாப்பதாயிரம்."

"இப்ப?"

நாலையும் கூட்டினேன். முதல் தடவையாக! 19,520.

கழித்தாள். 20,480. "இவ்ளோதானே கணக்கு? இதுக்கு எதுக்குங்க நாலு ஷீட்டு?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன். விகிதம் சராசரியாக 1.90. நூறு கட்டி ஜெயித்தால் முதலோடு சேர்த்து 190. பத்துத் தோல்வியில் போனது 32,000. நாலு வெற்றியில் வந்தது 11,520. விரதத்தை நிஜமாகவே காத்திருந்தால் நஷ்டம் 5,120-தான். ஆனாலும் சார், அதுவும் நஷ்டம்தானே?

சம பலமுள்ள ரெண்டு டீம் மேலும் தலா நூறு கட்டிப் பாருங்கள். போட்டது 200, எவன் ஜெயித்தாலும் வருவது 190. பத்து ரூபாய் கடைக்காரனுக்கு. நூற்றுக்கு 53 தடவை சரியாகச் சொன்னால்தான் நமக்கு ஏதாவது தேறும். முதலில் எவ்வளவு பங்கு கட்டலாம் என்பதற்கு 1956-லேயே ஜான் கெல்லி என்ற பெல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார். சாதகம் நம் பக்கம் இல்லாத ஆட்டத்தில் அவர் சூத்திரம் சொல்லும் தொகை: பூஜ்யம்.

2 சதவிகித விரதம் ஓட்டையைச் சின்னதாக்கும். அடைக்காது. நான் செய்தது, ஒரு ஓட்டைக் குடத்துத் தண்ணீரை நாலு ஓட்டைக் குடத்தில் ஊற்றி வைத்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நண்பனுக்கு ரொம்ப வருத்தம். எனக்கு அந்தத் தடை 2022 ஜூனிலேயே வந்துவிட்டது.

ஃபீஸ் கட்டியது மனைவியின் ரெண்டு வளையல். அடகுக் கடையிலிருந்து அதை மீட்க எனக்குப் பத்து மாசம் ஆயிற்று. அந்தப் பத்து மாசமும் கண்ணாடி வளையலோடுதான் எனக்குச் சாப்பாடு போட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வட்டி கட்டிய ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது. நான் உருப்படியாக வைத்திருக்கும் ஒரே கணக்கு அதுதான்.