குளிர்ல விட்ட தொட்டி

நம்ம காலேஜ் முடிச்சு மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்த முதல் வருஷம். அக்டோபர்ல குட்டி ஐரிஸ் கிழங்குகளை வாங்கி, மணல் கலந்த மண்ணுல 10 செ.மீ. ஆழத்துல ரெண்டு தொட்டியில நட்டேன். பனி கொட்ட ஆரம்பிச்சதும் பாவமா இருந்துச்சு. ஒரு தொட்டியை ரூமுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல வெச்சேன். இடமில்லாததால இன்னொண்ணு பால்கனியிலேயே கிடந்துச்சு.

எனக்குப் பாடமும் புரியல, பேச ஆளும் இல்ல. "அந்தக் குளிர்ல கஷ்டப்படாத, ஊருக்கே வந்துடு"ன்னு அம்மா தினமும் போன்ல சொல்வாங்க. டிக்கெட் விலைகூட பார்த்துட்டேன்.

பிப்ரவரி கடைசி. ரூம்ல இருந்த தொட்டியில வெறும் இலைதான், நீண்டு சாய்ஞ்சு கிடந்துச்சு. பால்கனித் தொட்டியில விரல் உயரத்துக்கு ஊதாப் பூ! துருக்கி, ஈரான் மலைப்பகுதிகளைச் சேர்ந்த செடி அது. சில வாரம் நல்ல குளிர் பட்டாத்தான் ஒழுங்கா பூக்குமாம்.

போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். "என்ன பூடா இது?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு மட்டும் ஊருக்கு வரச் சொல்லல.