மஞ்சளாகாத குழாயை எப்போது நம்பலாம்?

பொன்முடி மலைக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் கல்லாறைத் தாண்டித்தான் தொடங்குகின்றன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கீழே, விதுரைப் பக்கம் மூலிகை மருந்து தயாரிக்கும் ஒரு சிறிய கூடத்தின் சோதனை அறையைப் பார்க்கப் போயிருந்தேன்.

தாங்கியில் ஊதா நிறக் குழாய்கள் நின்றன. உள்ளே மக்காங்கி திரவ மீடியா. அதிலுள்ள மாட்டுப் பித்தம் கிராம் பாசிட்டிவ் கிருமிகள் பலவற்றை வளரவிடாது. பித்தத்தைத் தாங்கும் கோலிஃபார்ம் கிருமிகள் லாக்டோஸைத் தின்று அமிலம் விடும். உடனே புரோமோகிரெசால் பர்ப்பிள் சாயம் மஞ்சளாகிவிடும். பித்தமும் லாக்டோஸும் சேர்ந்த இந்த உத்தியை ஆல்ஃபிரட் மக்காங்கி 1905-இல் விரிவாக எழுதினார்.

“வேரும் இலையும் மண்ணோடதான் சார் வருது. கோலிஃபார்ம் இல்லேன்னாதான் ஆச்சரியம்” என்றார் சோதனையாளர். உண்மைதான். கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் போன்றவை மண்ணிலும் செடியிலும்கூட வாழ்பவை. மலக்கலப்பைக் காட்டிக்கொடுப்பது ஈ.கோலை. ஆகவே மருந்தை முதலில் சோயா-கேசின் திரவத்தில் 30–35 டிகிரியில் வைக்கிறார்கள். நலிந்து கிடக்கும் கிருமியும் அங்கே தேறிவிடும். பிறகு மக்காங்கி திரவத்தில் 42–44 டிகிரி. அந்தச் சூட்டை ஈ.கோலை தாங்கும். கடைசியாக மக்காங்கி அகார் தட்டு. அவர் காட்டிய ஒப்பீட்டுத் தட்டில் ஈ.கோலை கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளர்ந்திருந்தது. சுற்றிலும் பித்தம் திரிந்து மங்கலான வளையம்.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது வேறு இரண்டு குழாய்கள். இரண்டிலும் நூறுக்கு மேற்படாத ஈ.கோலையை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். ஒன்றில் மருந்தும் உண்டு, மற்றதில் இல்லை. அரிஷ்டம் போன்ற மருந்தில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கும். கடுக்காய்த் துவர்ப்பும் கிருமியை அடக்கும். மருந்தே மீடியாவுக்குள் கிருமியை அடக்கிவிட்டால் குழாய் ஊதாவாகவே நிற்கும், அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். மருந்து வயிற்றுக்குள் போய் நீர்த்த பிறகு அதே கிருமி தலைதூக்கலாம். அதனால் மருந்தை இன்னும் நீர்க்கச் செய்து, பாலிசார்பேட் 80 சேர்த்து, விட்ட கிருமி வளர்கிறது என்று உறுதியான பிறகே அந்த முறையை ஏற்கிறார்கள். இதுதான் பொருத்தச் சோதனை. புதிய மீடியா டப்பா ஒவ்வொன்றும் இதேபோல் கிருமியை வளர்த்துக் காட்டவேண்டும்.

நேரமும் செலவும் பிடிக்கும் வேலை இது. ஆனாலும் வெளி ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பும் சிறு தயாரிப்பாளர்கள் அறிக்கையோடு இந்தப் பொருத்தச் சோதனையின் பதிவையும் கேட்டு வாங்கவேண்டும். குழந்தைகளும் நோயாளிகளும் குடிக்கும் மருந்துக்கு வெறும் ‘இல்லை’ போதாது என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.