எல்லைக்கு இன்னும் 3 டிகிரி!

மே மாத இரவு, மணி பதினொன்று. வீட்டிலிருந்து ஒரு செய்தியை டைப் செய்துகொண்டிருந்தேன். லேப்டாப்பின் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. சட்டென்று ஸ்கிரீன் இருண்டது. அந்த வாரத்தில் இது நான்காவது முறை.

கடையில் காட்டினேன். "மதர்போர்டு போயிடுச்சு தம்பி. அதை மாத்துறதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். புதுசு என்றால் எனக்கு இரண்டு மாதச் சம்பளம்.

"உன்னோடதுல லினக்ஸ்தானே இருக்கு? அதுகிட்டயே கேளேன்" என்றான் கூட வேலை பார்க்கும் நண்பன்.

கேட்டேன். 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்து, டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று டைப் செய்தால் போதும். பிராசஸரின் ஒவ்வொரு கோரும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிறது. எந்த வேலையும் ஓடாதபோதே 81. ஒரு வீடியோவை ஓடவிட்டதும் 97!

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பிராசஸருக்குள் ரெஜிஸ்டர் என்று குட்டிக் குட்டிப் பெட்டிகள் உண்டு. இன்டெல் சிப்பில் '19சி' என்ற எண்ணுள்ள பெட்டி வெப்பத்துக்கானது. 'ஆர்டிஎம்எஸ்ஆர்' என்ற கட்டளையால், அட்மின் அனுமதியோடு அதைப் படிக்கலாம். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தெரியாமல் எதையாவது எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடக்கூடும். வீடியோ ஓடும்போதே படித்தேன். வந்தது 88030000. அதில் '03' என்பதுதான் விஷயம்.

அது சிப்பின் சூடு அல்ல. தாங்கும் எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் சிப் சொல்கிறது. என் சிப்பின் எல்லை 100. அதில் 3-ஐக் கழித்து, 97 என்று நமக்குக் காட்டுவது லினக்ஸ். எல்லையைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் லேப்டாப் ஆஃப் ஆகிவிடும். ஆக, அது பழுதாகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது!

மறுநாள் நண்பனோடு உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றினோம். காற்று வெளியேறும் வழியில் கம்பளி மாதிரி தூசி. சிப்பின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் தடவினோம். இப்போது சும்மா இருக்கும்போது 46. வீடியோ ஓடினால் 70.

"சரியாயிடுச்சா?" அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. வழக்கமாக, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அன்று கேள்வியை மாற்றினேன்.

"பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை பாக்கி இருக்கும்மா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"தீர்ந்து நாலு நாளாச்சுடா. லேப்டாப் வேற வாங்கணும்னு சொன்னியே... அதான் சொல்லல."

லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பினேன்.