காற்றுத் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

தேக்கா நிலையத்தைக் கடந்து சிராங்கூன் சாலையில் சற்று நடந்தால், ஒரே மளிகைக் கடையில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் என அத்தனையும் வரிசையாக நிற்கக் காணலாம். எள்ளின் நெய்யே எண்ணெய். அச்சொல் பின்னர்த் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாயிற்று. நிலத்தடியிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் ஆயிற்று. ஒரு சொல் இவ்வாறு விரிவது மொழிக்கு வளமே. ஆயினும் கருவியைக் கையாளுவோர்க்குச் சில வேளை அதுவே இடராகிறது.

என் மாணவி ஒருத்தி, உயர்நிலைப்பள்ளியில் காற்றுத் துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாகக் கொண்டவள். "ஐயா, துப்பாக்கிக்குத் தையல் எந்திர எண்ணெயே போதும் என்கிறார் தாத்தா. கூடவே கூடாது என்கிறார் பயிற்றுநர். யார் சொல்வது சரி?" என்று ஒருநாள் வினவினாள். தாத்தா லிட்டில் இந்தியாவில் நெடுங்காலம் தையல் தொழில் செய்தவர். தம் எந்திரத்தை ஒரு நாளும் பழுதுபட விடாதவர். அவர் சொல்லைப் பொய்யென்று கொள்ள அவளுக்கு மனமில்லை. சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கியும் துப்பாக்கியே. உரிமமின்றி வீட்டில் வைத்திருத்தல் இயலாது. ஆதலின் தாத்தா அக்கருவியைத் தொட்டுப் பார்த்தறியார்.

தையல் எந்திர எண்ணெய் நீர்போல் ஓடும் கனிம எண்ணெய். இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் மெல்லிய படலமாய் நின்று தேய்மானத்தைத் தடுக்கும். துப்பாக்கியின் வெளிப்புறத்தில் துருவேறாமல் துடைப்பதற்கும் அது ஏற்றதே. அவ்வளவில் தாத்தா சொன்னது சரி. இடர் இருப்பது காற்றறையில்.

சுருள்வில் துப்பாக்கியில் வில் விடுபட்டதும் உந்துதண்டு பாய்ந்து காற்றைக் கணப்பொழுதில் நெருக்குகிறது. நெருக்குண்ட காற்று கடுமையாகச் சூடேறும். மலாய்த் தீவுகளின் பழங்குடியினர் இந்த உண்மையைக் கொண்டே தீ மூட்டினர். சிறு குழலுள் தண்டை ஓங்கி அடித்தால் அடியிலுள்ள பஞ்சு பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினும் இதே முறையில் இயங்குவதே. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயைக் கொண்டே ஓடிற்று என்றால், நம் சமையலறை எண்ணெயும் இவ்விடத்தில் எரிபொருளே என்பது விளங்கும். காற்றறையில் கனிம எண்ணெய் கசிந்தால் சுடும்போது உள்ளே தீப்பற்றும்; அடைப்பு வளையம் கருகும்; வில் சிதையும்; குண்டின் விரைவு முறைக்கு முறை மாறும். பத்து மீட்டர்ப் போட்டியில் 10 புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டரே. அங்கே இம்மாற்றம் பெரிது.

எனவே அவ்வறைக்குச் சிலிக்கோன் எண்ணெய் ஓரிரு துளி போதும். அது எளிதில் தீப்பற்றாது. இரப்பர் வளையத்தையும் கெடுக்காது. ஆனால் எஃகோடு எஃகு உராயும் இடத்தில் அதன் படலம் வலுவற்றது. வில்லுக்கு மாலிப்டினம் கலந்த களிம்பே தக்கது. இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் வில் இல்லை. 200 பார் அளவு அழுத்தமுள்ள காற்றுக் குப்பியே உண்டு. அங்கே கனிம எண்ணெய் முற்றிலும் விலக்கு. வளையங்களுக்குச் சிறிது சிலிக்கோன் களிம்பு போதும்.

தேங்காய் எண்ணெய் எங்கும் உதவாது. ஏறத்தாழ 24 பாகையில் அது உறையும். குளிரூட்டிய சுடுதளத்தில் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும்.

மாட்டு வாணிகம் நடந்த இப்பகுதியில் எருமையின் பெயரைப் பபலோ சாலை ஆங்கிலத்திலும் கெர்பாவ் சாலை மலாயிலும் இன்னும் சுமக்கின்றன. தமிழ்நாட்டு வண்டிக்காரர் அச்சுக்கு விளக்கெண்ணெயை மட்டும் இடவில்லை. வைக்கோற் கரியைக் குழைத்து மசகாக்கி இட்டனர். வழுக்கும் பொடியை நெய்ப்பொருளில் கலக்கும் மாலிப்டினக் களிம்பின் வழியும் அதுவே. இதனை அம்மாணவியிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. தாத்தாவிடம் கொண்டுபோக அவளுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டதன்றோ!

உயவுநெய் என்னும் கலைச்சொல்லையும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அவள் பயிற்சிக் குறிப்பேட்டைக் காட்டினாள். 'சிலிக்கோன் மசகு' என்று எழுதியிருந்தாள். உயவுநெய் என்றால் தாத்தாவுக்கு விளங்கவில்லையாம்.