உம்மா கட்டிய பொட்டலம்

பணியேற்றுத் துபாயில் குடியேறப் புறப்பட்டபோது, உம்மா குருமாவுக்கு மசாலாப் பொடி இடித்துக் கட்டினார். அதில் கசகசாவும் சேர்ந்திருந்தது. நம் அடுக்களையில் அது மணமூட்டும் பண்டம். அபினிச் செடியின் விதையாதலால், ஐக்கிய அரபு அமீரகத்திலோ தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. சுங்கச் சோதனையில் அகப்பட்டால் சிறையும் நேரலாம் என்று, அங்கு வாழ்ந்து திரும்பிய மாமா எச்சரித்தார்.

பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உம்மாவின் முகம் வாடிற்று. "பெற்றவள் கொடுத்ததா குற்றம்?" என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அன்றிரவு உறங்காது, கசகசா நீக்கிப் புதிதாய் இடித்துத் தந்தார்.

கடல் கடக்கவிருக்கும் மாணவச் செல்வங்களே! பெட்டி கட்டுமுன் சேருமிடத்துச் சட்டத்தைக் கேட்டறியுங்கள்; அன்னையிடமும் அதனை முன்னரே சொல்லிவிடுங்கள்.